'டிக்' சத்தம் மட்டும் கேட்கிறதா? ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

விடிகாலை 5 மணி. முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சுழலவில்லை, 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மீண்டும் திருப்பினால் மீண்டும் அதே 'டிக்'. பஸ் வராத தோட்டப்புறம் என்றால் அன்றைய சம்பளம் போனது போலத்தான். வாரம் மூன்று முறை டயாலிசிசுக்குப் போக வேண்டிய பெரியவர் வீட்டில் இருந்து, இருப்பது ஒரே ஒரு பழைய கார் என்றால், கவலை சம்பளத்தோடு நிற்காது.

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்டார்ட்டர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்." சில நூறு வெள்ளி செலவாகிறது. சிலருக்கு அத்துடன் பிரச்சினை தீர்கிறது. வேறு சிலருக்கு அடுத்த வாரமே அதே 'டிக்' திரும்பி வருகிறது. காரணம், பழுது ஸ்டார்ட்டரில் இல்லை. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே துருப்பிடித்துக் கிடந்த ஓர் எர்த் வயரில் இருந்தது. ஸ்டார்ட்டரிலேயே பழுது என்றாலும், முழு மோட்டாரும் ஒரே நாளில் செத்துப்போவது அரிது. உள்ளே தேய்ந்து போவது விரல் அளவுக்கும் குறைவான செம்புத் துண்டும் கார்பன் பிரஷும்தான்.

சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், டின்பால் டப்பா அளவிலோ அதைவிடச் சற்றுப் பெரியதாகவோ உருண்டையாக இருப்பது ஸ்டார்ட்டர் மோட்டார். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய உருளைதான் சொலினாய்ட். எஞ்சினின் ஃபிளைவீலைச் சுற்றிப் பல் வளையம் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டரின் சிறிய பல் சக்கரம் முன்னே பாய்ந்து அந்த வளையத்தைக் கவ்வி எஞ்சினைச் சுழற்றுகிறது.

சாவி வழியாக ஓடுவது சிறிய மின்சாரம். அது சொலினாய்டுக்குப் போய் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்த இழுப்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பல் சக்கரம் முன்னே தள்ளப்படுகிறது. தண்டின் முனையில் உள்ள செம்புத் தட்டு இரண்டு பெரிய முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கிறது. அதன் பிறகே பேட்டரியின் முழுச் சக்தியும் மோட்டாருக்குள் பாய்கிறது. வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின் கெட்டில் 10 ஆம்பியருக்குள் வேலை செய்யும். ஒரு சிறிய காரின் ஸ்டார்ட்டரோ எஞ்சினைச் சுழற்றும் அந்தச் சில விநாடிகளில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால்தான் பேட்டரி முனையில் கொஞ்சம் துரு ஏறினாலும் ரேடியோ பாடும், விளக்கு எரியும், எஞ்சின் மட்டும் அசையாது.

அந்த 'டிக்' சத்தம் சொலினாய்டின் தண்டு நகரும் சத்தம். அது கேட்டால் சாவி, ஃபியூஸ், சிறிய வயர் ஆகியவை பெரும்பாலும் சரியாக இருக்கின்றன என்று பொருள். சத்தமே இல்லையென்றால்தான் அவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஆட்டோ கியர் கார்களில் கியரை ஒரு முறை 'என்' இடத்துக்கு மாற்றியும் முயன்று பார்க்கலாம். 'பி'யில் எடுக்காமல் 'என்'இல் எடுத்தால், குறை கியர் சுவிட்சில் இருக்கிறது.

காதும் கண்ணும் சொல்பவை

அனுபவமுள்ள போமன் பானட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவதில் மாயம் எதுவுமில்லை. அவர் சத்தத்தைக் கேட்கிறார். முன் விளக்கைப் பார்க்கிறார்.

முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். 'டக்டக்டக்' என்று வேகமாக அடித்து விளக்கும் மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது அதன் முனைகள் தளர்ந்திருக்கின்றன. ஒரே ஒரு 'டிக்' கேட்டு, விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தால், மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை: சொலினாய்டின் செம்பு முனைகளோ கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கலாம். ஒரு 'டிக்' கேட்டு விளக்கு அணைவது போல மங்கினால், பேட்டரி பலவீனமாக இருக்கலாம் அல்லது ஏதோ ஒன்று இறுகிச் சிக்கியிருக்கலாம். மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று சுழன்று எஞ்சின் அசையாவிட்டால், பல் சக்கரத்தின் பின்னால் இருக்கும் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது.

சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பதே நல்லது. ஹார்ட்வேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுதும் சும்மா நின்ற காரின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழுச் சார்ஜில் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி. ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுழலும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஸ்டார்ட்டரைப் பற்றிப் பேச்சு.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் மாவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிக் கழுவலாம். கழுவிய நீர் பேட்டரியின் மூடிகளுக்குள் போகக் கூடாது. கிளாம்ப்பைக் கழற்றி உள்பக்கத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்க வேண்டும். கையால் திருகினால் அசையும் கிளாம்ப் இறுக்கமான கிளாம்ப் அல்ல.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் எர்த் வயர். இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத கனமான இரும்பிலும் கவ்வ வேண்டும். இப்போது கார் சட்டென்று எடுத்துக்கொண்டால், ஸ்டார்ட்டரில் குறை இல்லை. எர்த் வயரை மாற்றினால் போதும். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஸ்டார்ட்டர் வாங்கியவர்கள் நிறைய.

அடியில் படுப்பதற்கு முன்

பல கார்களில் ஸ்டார்ட்டரை எட்டுவதற்கு அடியில் போக வேண்டியிருக்கும். வீட்டு வேலையில் உயிர் போகக்கூடிய இடம் இதுதான். காரோடு வரும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே; அதை நம்பி அடியில் தலையை வைக்கக் கூடாது. தோட்டப்புறங்களில் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுப்பதைப் பார்க்க முடிகிறது. அவை எடையைத் தாங்குவது போல இருந்து ஒரே நொடியில் நொறுங்கும். உலோக ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, கெட்டியான சமதளமான சிமெண்ட் தரை, பின் சக்கரங்களுக்கு மரக்கட்டை: இவை இல்லையென்றால் அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே சரி. மழையில் ஊறிய செம்மண் தரையில் எந்த ஸ்டாண்டும் நிற்காது.

இன்னொரு பழக்கம், ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்து எஞ்சினை எடுப்பது. போமன் செய்வதைப் பார்த்துப் பலரும் செய்கிறார்கள். கியரில் நிற்கும் கார் அந்த நொடியே முன்னே பாயும். தீப்பொறியும் பறக்கும்; சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வெளியாகும் ஹைட்ரஜன் எரியக்கூடிய வாயு.

ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினால் எடுத்துக்கொள்ளும் என்பதும் பாதி உண்மைதான். சிக்கிக்கொண்ட பிரஷ் தட்டலில் நகர்ந்து, கார் எடுத்துக்கொள்ளும். ஆனால் இன்றைய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் உள்ளே ஒட்டப்பட்டிருப்பது நிலைக்காந்தம். பலமாகத் தட்டினால் அது விரிசல் விடும். பத்து வெள்ளி பிரஷோடு முடிந்திருக்க வேண்டிய வேலை முழு மோட்டாருக்குப் போய்விடும். அவசரத்துக்கு வீடு திரும்ப வேண்டும் என்றால், பேட்டரி நன்றாக இருக்கும் மேனுவல் கியர் காரை இரண்டாவது கியரில் வைத்துத் தள்ளி எடுக்கலாம். ஆட்டோ கார்களில் அது நடக்காது.

எந்தத் துண்டு தேய்ந்தது என்று கண்டுபிடிப்பது

கழற்றுவதற்கு முன் ஸ்டார்ட்டரிலேயே ஒரு சோதனை செய்யலாம். சொலினாய்டில் மூன்று இணைப்புகள் இருக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் வந்து சேர்வது ஒன்று. சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் தடித்த வயராகவோ பின்னல் கம்பியாகவோ போவது இரண்டாவது. சாவியிலிருந்து வரும் சிறிய வயர் மூன்றாவது. மீட்டரின் கறுப்பு முனையை எஞ்சின் இரும்பில் வைத்துக்கொண்டு, கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்த நிலையில், உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும்.

பேட்டரி வயரில் 12 வோல்ட் அளவு இருக்கிறது, சிறிய வயருக்கும் மின்சாரம் வருகிறது, 'டிக்' கேட்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போகும் இணைப்பில் எதுவும் இல்லை என்றால், சொலினாய்டின் உள்ளே செம்பு முனைகள் தேய்ந்துவிட்டன. அந்த இணைப்பிலும் 12 வோல்ட் வருகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால், பிரஷ் அல்லது அதன் உள்பகுதி. சிறிய வயருக்கே மின்சாரம் வரவில்லையென்றால் ஸ்டார்ட்டரைத் தொடவே தேவையில்லை.

கழற்றும்போது எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பாசிட்டிவ் முனையை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் வெல்டிங் போலப் பொறி பறக்கும். ஜப்பானிய வழி வந்த கார்களில் பெரும்பாலும் 10, 12, 14 எண் ஸ்பேனர்களே போதும். வயர்கள் இருந்த நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது திண்டாட வேண்டாம். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை ஸ்டார்ட்டரைத் தாங்கியிருக்க வேண்டும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள இரும்பு அது; விழுந்தால் முகத்தில்தான் விழும்.

டொயோட்டா கார்கள் பலவற்றில் உள்ள டென்சோ வகை ஸ்டார்ட்டரில் சொலினாய்டின் பின் மூடியைச் சில திருகுகளைக் கழற்றித் திறக்கலாம். உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள் தெரியும். சாவி திருப்பப்படும் ஒவ்வொரு முறையும் சிறு தீப்பொறி தின்று தின்று, அதில் ஒன்று பள்ளமாகியிருக்கும். தண்டு வந்து முட்டுகிறது, 'டிக்' என்கிறது, ஆனால் செம்பைத் தொடுவதில்லை. புதிய துண்டுகளை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தனியாகக் கேட்டு வாங்கலாம். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மாட்டும்போது இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்தால் தட்டு அதை மட்டும் தொட்டு நிற்கும், பழைய கதையே தொடரும். வேறு வகை ஸ்டார்ட்டர்களில் சொலினாய்டின் மூடி அடைத்து ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பிளந்து திறப்பதைவிட, சொலினாய்டை மட்டும் தனியாக மாற்றுவது மேல்.

பிரஷ் பக்கம் போனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். மோட்டாரின் பின் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் கார்பன் துண்டுகள் தெரியும், பொதுவாக நான்கு. புதிதில் இருந்த நீளத்தில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். சில மாடல்களில் பிரஷ் வயர் உள்சுருளோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். ரேடியோ பழுதுபார்க்கும் சிறிய ஈயப்பற்றுக் கோல் அதற்குச் சூடு போதாது. அரைகுறையாக ஒட்டினால் 100 ஆம்பியர் சூட்டில் உருகி விழும். அந்த ஒரு வேலையை மட்டும் வயரிங் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். பிரஷ் தாங்கித் தட்டோடு சேர்ந்து கிடைக்கும் மாடல் என்றால் அதையே வாங்குவது வேலையைச் சுலபமாக்கும்.

பிரஷ் உரசும் செம்பு உருளை கறுத்திருந்தால் மிக மெல்லிய சேண்ட் பேப்பரால் சுற்றித் தேய்க்கலாம். இரும்புக்குப் போடும் எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பள்ளங்களில் கார்பன் தூள் அடைத்திருக்கும். அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைச் செம்பிலும் மறு முனையைத் தண்டிலும் வைத்தால் இணைப்பு காட்டக் கூடாது. காட்டினால் உள்சுருள் இரும்பைத் தொட்டுவிட்டது. அந்த மோட்டாருக்கு மேற்கொண்டு காசு செலவழிப்பதில் பயனில்லை.

எல்லாவற்றையும் பெட்ரோலில் போட்டுக் கழுவும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தீ ஆபத்து ஒரு புறம் இருக்க, சுருளின் மேல் பூச்சு கெடும். ஒருவழி கிளட்சின் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து வெளியேறி, சில வாரங்களில் அது வழுக்கத் தொடங்கும். துணியால் துடைப்பதும் தூரிகையால் தட்டுவதும் போதும். கிரீஸ் கொஞ்சமாகப் பல் சக்கரம் நகரும் தண்டின் வரிகளில் மட்டும். பிரஷ் பக்கம் ஒரு சொட்டு எண்ணெயும் போகக் கூடாது.

எண்ணெய் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஞ்சினின் மேல் மூடியிலிருந்தோ ஆயில் ஃபில்டரிலிருந்தோ ஒழுகும் ஆயில் சில கார்களில் நேராக ஸ்டார்ட்டரின் மேல் சொட்டும். அந்த ஒழுகலை நிறுத்தாமல் பிரஷை மட்டும் மாற்றினால் மீண்டும் அதே வேலை வரும். வெள்ளமும் அப்படித்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உட்பட சிலாங்கூரின் பல இடங்கள் மூழ்கியபோது கார்களும் மூழ்கின. அப்படி நீரில் நின்ற காரில் எஞ்சின் ஆயிலை மாற்றினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. சேறு சொலினாய்ட் தண்டில் காய்ந்து துருவாகி, மாதங்கள் கழித்து ஒரு நாள் சிக்க வைக்கும். தண்ணீர் வடிந்தவுடனேயே ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைப்பது செலவைக் குறைக்கும்.

மாட்டுவதற்கு முன் தரையில் சோதனை

பூட்டிய ஸ்டார்ட்டரை நேராகக் காரில் மாட்டாமல், முதலில் வெளியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வைஸில் மெதுவாகப் பிடித்தோ, கனமான பலகையில் கயிறு போட்டு இறுகக் கட்டியோ வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் பட்டதும் அது துள்ளும். ஜம்பர் கேபிளின் நெகட்டிவ் மோட்டாரின் உடலில், பாசிட்டிவ் பேட்டரி வயருக்குரிய முனையில். பிறகு அந்த முனையிலிருந்து சிறிய வயர் ஒன்றால் சாவி வயருக்குரிய முனையைத் தொட்டால், பல் சக்கரம் வெளியே பாய்ந்து சுழல வேண்டும். மூன்று விநாடி போதும். கையும் சட்டையும் தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் பிள்ளைகள் வேண்டாம்.

பல் சக்கரம் பாய்ந்தும் மெதுவாகச் சுழன்றால், மோட்டாரின் இரு முனைகளிலும் உள்ள புஷ்கள் தேய்ந்து உள்சுருள் சுவரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். உரசிய இடம் பளபளவென்று தெரியும்.

காரில் மாட்டும்போது ஸ்டார்ட்டரும் எஞ்சினும் ஒட்டும் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மோட்டாரின் எர்த் அந்த முகத்தின் வழியாகத்தான் போகிறது. அங்கே துருவோ பெயிண்டோ இருந்தால் செய்த வேலை வீண். நெகட்டிவ் முனை கடைசியாக மாட்டப்படும். எஞ்சின் எடுத்த பிறகு பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜும் ஒழுங்காக ஏறுகிறது. வேறு காரணத்தால் எஞ்சின் உடனே எடுக்காவிட்டால், 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடித்திருக்க வேண்டாம். அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடியும் முயல வேண்டும். மோரிஸ் மைனர் காலத்துப் பெரியவர்களுக்கு முன்னால் கம்பியை விட்டுக் கையால் சுழற்றி எடுத்தது நினைவிருக்கும். அந்தக் கையின் வேலையைத்தான் உள்ளங்கை அகல மோட்டார் ஒன்று செய்கிறது. அதுவும் சீக்கிரம் சூடாகும்.

பழுது பார்த்தும் சரிவரவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பொத்தோங் கடைகளில் கிடைக்கும் பழைய ஸ்டார்ட்டர் மலிவான வழி. பழையதைக் கையோடு கொண்டுபோய், போல்ட் துளைகளையும் பல் சக்கரத்தின் பற்களையும் எண்ணி ஒப்பிட வேண்டும். ஒரே மாடலாக இருந்தாலும் மேனுவலுக்கும் ஆட்டோவுக்கும் மாறலாம். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

ஒரு குறையை மட்டும் வீட்டில் தொட முடியாது. சாவியைத் திருப்பும்போது 'கர்ர்' என்று பல் உராயும் சத்தம் சில நேரம் வந்து, சில நேரம் வராமல் இருந்தால், ஃபிளைவீலின் பல் வளையத்தில் ஓரிடம் தேய்ந்திருக்கிறது. மேனுவல் காரைக் கியரில் போட்டுச் சற்றே தள்ளினால் எஞ்சின் கொஞ்சம் திரும்பி, நல்ல பற்கள் ஸ்டார்ட்டருக்கு நேராக வந்துவிடும்; பட்டறை வரை போய்ச் சேர அது போதும். வளையத்தை மாற்றுவதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.